ஆஃபர் லெட்டருக்கு முன்னால் இன்சென்டிவ் கணக்கு

அம்மா, "பி.காம் முடிச்ச பையனுக்கு அம்பத்தூர் பக்கம் ஒரு கார் ஷோரூம்ல சேல்ஸ் வேலை கிடைச்சிருக்கு. பொய் சொன்னாத்தான் வண்டி விக்கும்னு எல்லாரும் பயமுறுத்துறாங்க, அனுப்பலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அனுப்பலாம். சேருமுன் இன்சென்டிவ் கணக்கைக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பல இடங்களில் வெறும் வண்டியை விற்றால் கையில் வருவது சொற்பம்தான். இன்சூரன்ஸ், ஆக்ஸசரீஸ், லோன் என்று கூடவே தள்ளிவிட்டால்தான் நாலு காசு பார்க்கலாம். மாதக் கடைசி, டார்கெட்டுக்கு இரண்டு வண்டி பாக்கி, டீம் லீடர் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார் என்றால், "இன்சூரன்ஸ் எங்ககிட்ட போட்டாத்தான் சார் டெலிவரி" என்று நல்ல பையன் வாயிலும் வந்துவிடும். அது பொய். வண்டி வாங்குபவர் பாலிசியைத் தான் விரும்பிய கம்பெனியில் எடுக்கலாம். புதுக் காருக்கு 3 ஆண்டுக்குக் கட்டாயம் என்பது தேர்ட் பார்ட்டி (நம் வண்டியால் பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கான இன்சூரன்ஸ்) மட்டுமே.

எங்களிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு பையன் இப்படித்தான் ஒரு ஷோரூமில் மாட்டிக்கொண்டான். ஜனவரி மாதம், யார்டில் போன வருடத்து வண்டி. வாங்க வந்த பெரியவர் "எந்த வருஷத்து மேக் தம்பி?" என்றார். இவன் சேசிஸ் நம்பரைக் காட்டி, பத்தாவது எழுத்துதான் வருடம் என்று சொல்லிவிட்டான் (பெரும்பாலான கம்பெனிகளில் அப்படித்தான்). பெரியவர் வாங்காமலே கிளம்பிவிட்டார். மேனேஜரிடம் செம டோஸ். ஆனால் தயாரித்த மாதமும் வருடமும் ஆர்.சி.யிலேயே வரும், அன்று மறைத்திருந்தால் ஆர்.சி. வந்த அன்றைக்குப் பெரியவர் தேடி வந்திருக்கப்போவது மேனேஜரை அல்ல, இவனைத்தான். ஆறு மாதத்தில் வேறு ஷோரூமுக்கு மாறினான். சம்பளம் கொஞ்சம் குறைச்சல்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

நேர்மைக்குத் தொழில் ஞானமும் வேண்டும். 2023 நவம்பரில் மாறிய கணக்குப்படி தமிழ்நாட்டில் காரின் விலை 10 லட்சத்தைத் தாண்டினால் சாலை வரி 13 சதவீதத்திலிருந்து 18-க்குத் தாவும். அந்த 10 லட்சத்தைத் தாண்டும் மேல் வேரியன்ட் முப்பதாயிரம்தான் அதிகம் என்று ஆசைகாட்டும்போது, வரி மட்டுமே ஐம்பதாயிரத்துக்கு மேல் ஏறும் என்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். போதாததற்கு 1 சதவீதம் டி.சி.எஸ். (விற்கும்போதே ஷோரூம் வசூலித்து அரசுக்குக் கட்டும் வரி) வேறு, அதை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்பதையும் சொல்லலாமே. இந்தக் கணக்கு விரல்நுனியில் இருந்தால் பொய்க்கு அவ்வளவாகத் தேவை வராது.

ஒரு வேலை செய்யுங்கள். சனிக்கிழமை சாயங்காலம் உங்கள் வீட்டுக்காரரோடு அதே ஷோரூமுக்கு வண்டி பார்க்கிற மாதிரி போய், கொட்டேஷன் எழுதி வாங்குங்கள். 'ஹேண்ட்லிங் சார்ஜ்' என்று ஒரு வரி இருந்தால், அது எதற்கு என்று கேளுங்கள். அரசுக்குப் போகிற பணம் இல்லை அது. பேனாவால் அடித்துவிட்டு வேறு தாள் தருகிறார்களா, "எல்லா இடத்துலயும் இதான் மேடம்" என்கிறார்களா என்று பார்த்துவிட்டு எனக்கு போன் பண்ணுங்கள்.