வாசகர் கேட்டவை: மரங்கொத்தியைக் காதால் தேடுவது

கேள்வி: எங்கள் தென்னந்தோப்பில் விடிந்ததும் ஏதோ ஒரு பறவை கனைப்பதுபோலக் கத்துகிறது. சில நாட்களில் மரத்தைத் தட்டும் ஓசையும் வருகிறது. மரங்கொத்தி என்கிறார் மாமனார். பத்து நாட்களாகத் தேடியும் கண்ணில் படவில்லை. எப்படிப் பார்ப்பது?
– வாசகி, பொள்ளாச்சி

பதில்: உங்கள் மாமனார் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். நம் தோப்புகளில் மிகுதியாகக் காணப்படுவது பொன்முதுகு மரங்கொத்தி. அதன் குரல் கனைப்பைப் போன்றதுதான். ஆயினும் வெண்மார்பு மீன்கொத்தியும் காலை நேரத்தில் ஏறக்குறைய இப்படியே கத்தும் என்பதால், முதலில் அந்த ஐயத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். மீன்கொத்தி மின்கம்பியிலோ உயர்ந்த மட்டையிலோ அமர்ந்தபடி, மேலிருந்து சரிந்து இறங்குவது போன்ற குரலைத் திரும்பத் திரும்ப எழுப்பும். மரங்கொத்தியின் குரல் கரகரப்பும் வேகமும் கொண்டது. பெரும்பாலும் பறக்கும்போதே எழுப்பப்படுவதால், நாம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அது தோப்பின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போய்விடும்.

தட்டும் ஓசையிலும் இரண்டு வகை உண்டு. இரை தேடும்போது எழும் ஓசையில் ஒழுங்கு இருக்காது. இரண்டு தட்டு, சிறிது அமைதி, பிறகு நான்கைந்து தட்டு என்று வரும். பறவை பட்டையைத் தட்டிப் பார்த்து, புழு இருக்கும் இடத்தை அறிந்து, பட்டையைப் பெயர்க்கிறது என்று பொருள். மற்றொன்று, நன்றாகக் காய்ந்து அதிரக்கூடிய கிளையைத் தேர்ந்தெடுத்து மிக விரைவாக அடிப்பது. தனித்தனித் தட்டாகக் கேளாமல் ஒரே உருளலாக நம் காதில் விழும் இந்த ஓசைக்கும் இரைக்கும் தொடர்பில்லை. இது என் இடம் என்று அறிவிப்பதற்கும் துணையை அழைப்பதற்கும் மற்றப் பறவைகள் பாடுவதைப்போல, மரங்கொத்தி மரத்தை அடிக்கிறது.

இப்போது பார்க்கும் முறைக்கு வருகிறேன். ஓசை கேட்டவுடன் அதை நோக்கி நடப்பதுதான் நாம் எல்லோரும் செய்யும் தவறு. ஆள் வருவதை உணர்ந்ததும் மரங்கொத்தி பறந்து போவதற்கு முன் தண்டின் மறுபுறத்துக்கு நகர்ந்துவிடும். நாம் சுற்றி வந்தால் அதுவும் சுற்றும். எனவே நின்ற இடத்திலேயே அசையாமல் பத்து நிமிடம் நில்லுங்கள். கண்களை மூடிக்கொண்டு தலையை மெல்லத் திருப்பினால் ஓசை வரும் திசை தெளிவாகும். ஒருமுறை மாமரம் ஒன்றின் அடியில் அவ்வாறு நின்றிருந்தபோது என் சட்டைக் கையில் வெளிறிய மரத்தூள் துளித்துளியாக விழுந்தது. அண்ணாந்து பார்த்தேன். தலைக்கு நேர் மேலே, விறைத்த வால் இறகுகளைக் கிளையில் ஊன்றி முக்காலியைப்போல அமர்ந்து, பெண்பறவை ஒன்று பட்டையைப் பெயர்த்துக்கொண்டிருந்தது. அதன் கொண்டையில் பின்பகுதி மட்டுமே சிவப்பு. முன்னந்தலை கறுப்பில் வெண்புள்ளிகள் இட்டது. ஆண்பறவைக்கு நெற்றியிலிருந்து கொண்டைவரை முழுவதும் சிவப்பாக இருக்கும். கறுத்த தொண்டையும் கறுத்த பிட்டமும் இருபாலுக்கும் பொது. பறக்கும்போது அலையைப்போல ஏறியும் இறங்கியும் செல்வதால், தொலைவிலிருந்தே மரங்கொத்தி என்று சொல்லிவிடலாம்.

பொள்ளாச்சியில் இருக்கும் உங்களுக்கு ஆனைமலைக் காடுகள் அருகில் என்பதால் இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. டாப்சிலிப் பக்கம் போனால் பெரிய கரு மரங்கொத்திக்காகக் காதைத் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 48 செ.மீ. நீளமுள்ள அந்தப் பறவை மரத்தை அடிக்கும் ஓசை காட்டில் வெகுதொலைவு கேட்கும்.

கேள்வி: எங்கள் தெருவிலுள்ள அரசமரத்தில் மரங்கொத்தி ஒன்று மணிக்கணக்கில் ‘டொக், டொக், டொக்’ என்று கொத்திக்கொண்டே இருக்கிறது. மரம் பட்டுப்போய்விடுமா?
– வாசகர், திருச்சி

பதில்: மரத்துக்கு ஒன்றும் ஆகாது, அது மரங்கொத்தியே அன்று. நீங்கள் கேட்பது செம்மார்புக் குக்குறுவானின் குரல். அலகை மூடிக்கொண்டே கத்துவதால் ஒவ்வொரு ஒலிக்கும் அதன் தொண்டை உப்பி அடங்கும். செம்பு தட்டுபவர் சுத்தியலால் அடிப்பதைப்போல, நிமிடத்துக்கு 100 முறைக்கு மேல் மாறாத தாளத்தில் அது ஒலிக்கும். இந்த மாறாத தாளம்தான் அடையாளம்; இரை தேடும் மரங்கொத்தி இவ்வளவு ஒழுங்காக ஒருபோதும் தட்டாது. கத்தும்போது தலையை இப்படியும் அப்படியும் திருப்புவதால் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் நாம் குழம்புகிறோம். அரசும் ஆலும் பழுக்கும் காலத்தில் உச்சிக் கிளைகளைப் பாருங்கள்: சிட்டுக்குருவியைவிடச் சற்றுப் பெரிய பச்சைப் பறவை, சிவந்த நெற்றி, மார்பில் சிவப்புப் பட்டை, கண்ணைச் சுற்றி மஞ்சள்.

தரையில் குத்திக் குத்தி மேயும் கொண்டலாத்தியையும் பலர் மரங்கொத்தி என்று எழுதுகிறார்கள். விசிறிக் கொண்டையும் நீண்டு வளைந்த அலகும் உடைய அது வேறு இனம்.

கேள்வி: இவ்வளவு வேகமாகக் கொத்தும் மரங்கொத்திக்கு மூளை கலங்காதா?
– மாணவி, மதுரை

பதில்: அலகுக்கும் மூளைக்கும் இடையிலுள்ள எலும்பு பஞ்சைப்போல அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்கிறது என்றுதான் நெடுங்காலம் சொல்லப்பட்டது. 2022இல் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் பல்கலைக்கழக ஆய்வாளர் தலைமையிலான குழு, மரங்கொத்திகள் கொத்துவதை அதிவேகப் படக்கருவிகளில் பதிவுசெய்து ஆராய்ந்தபோது, அப்படி எந்த மெத்தையும் இல்லை, தலை முழுவதும் இறுகிய சுத்தியலைப்போலவே இயங்குகிறது என்று கண்டது. சற்று எண்ணிப் பார்த்தால் இதில் நியாயம் விளங்கும். அடியின் விசையைத் தலையே உறிஞ்சிக்கொண்டால் மரத்துக்குப் போய்ச் சேரும் விசை குறைந்து, பறவை இன்னும் கடுமையாக அல்லவா கொத்த வேண்டியிருக்கும்? மூளை மிகச் சிறியது என்பதே அதற்குப் பாதுகாப்பு. நம் அளவுள்ள மூளையைக் கலக்கிவிடும் அதிர்ச்சியைச் சிறிய மூளை தாங்கிவிடுகிறது. அதன் நாக்கைத் தாங்கும் எலும்பு, மண்டையோட்டின் பின்புறமாகச் சுற்றிக்கொண்டு மேலே ஏறி வருவது இதைவிட எனக்கு வியப்பாக இருக்கிறது. துளைக்குள் அவ்வளவு நீளம் நாக்கை நீட்ட முடிவது அதனால்தான்.

கேள்வி: கைபேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டால் பறவை அருகே வருகிறது. செய்யலாமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: வேண்டாம். இனப்பெருக்கக் காலத்தில் அந்தக் குரலைக் கேட்கும் பறவை, தன் இடத்துக்குள் எதிரி புகுந்துவிட்டதாக எண்ணிக் கூட்டை விட்டு ஓடிவருகிறது. முட்டையும் குஞ்சும் அவ்வளவு நேரம் காவலின்றிக் கிடக்கும். நீங்கள் கேட்ட குரலைப் பதிவுசெய்து, மெர்லின் போன்ற செயலியிடம் பெயர் கேட்பதில் தவறில்லை. அது சொல்லும் பெயரைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் பட்டுப்போன வேப்பமரம் நிற்கிறது. மரங்கொத்தி அதில் வட்டமாகத் துளை போடுகிறது. மரத்தை வெட்டிவிடலாம் என்றிருக்கிறோம்.
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: தயவுசெய்து இப்போது வெட்டாதீர்கள். வட்டத் துளை என்றால் அது கூடாக இருக்கக்கூடும். மரத்தடியில் வெளிறிய மரச்சிராய்கள் சிதறிக் கிடக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், தொலைவில் அமர்ந்து ஒரு மணி நேரம் கவனியுங்கள். ஆணும் பெண்ணும் மாறி மாறி உள்ளே போவதைக் காணலாம். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இப்பறவைக்கும் அதன் கூட்டுக்கும் காப்பளிக்கிறது. மரங்கொத்தி விட்டுச்சென்ற பொந்தில் அடுத்த ஆண்டு மைனாவோ பச்சைக்கிளியோ புள்ளி ஆந்தையோ குடியேறும். தாமாகப் பொந்து குடைய முடியாத இவற்றுக்குப் பட்டமரத்தை விட்டால் நம் ஊர்களில் வேறு போக்கிடம் குறைவு. வீட்டின் மேல் விழும் அபாயம் உண்டென்றால், குஞ்சுகள் பறந்து போனபின் சாய்ந்த கிளைகளை மட்டும் கழித்துவிட்டு, அடிமரத்தைப் பொந்தோடு நிற்க விடுங்கள்.