டிமென்ஷியா (அன்றாட வேலைகளையே குலைக்கும் மறதி நோய்) இருக்கிறதா என்று டாக்டர்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? ஒரு ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடுமா?

ஸ்கேனில் மட்டும் தெரியாது. நிறையத் தெரிய வருவது, நோயாளியோடு வந்தவர் சொல்லும் விவரத்தில்தான்.

என் மாமியாரை நரம்பியல் டாக்டரிடம் நான்தான் கூட்டிப் போனேன். அவரிடம் பேசி முடித்ததும் டாக்டர் என்னிடம் கேட்க ஆரம்பித்தார். மறதி மெல்ல மெல்லக் கூடியதா, திடீரென்று வந்ததா? மாத்திரையைத் தானே சரியாகப் போடுகிறாரா? பென்ஷன் பணத்தை எண்ணி வைப்பது, கடையில் மீதிச் சில்லறை வாங்குவது, சமைப்பது எல்லாம் முன்பு போல முடிகிறதா? அந்த ‘முன்பு போல’தான் முக்கியம். கண்ணாடியை எங்கோ வைத்துவிட்டுத் தேடுவது எல்லோருக்கும் உண்டு. காலம் காலமாக வைத்த ரசத்தில் அடுத்து என்ன போடுவது என்று தெரியாமல் நிற்பது அப்படியல்ல.

இதையெல்லாம் பெரியவரை எதிரில் வைத்துக்கொண்டு சொன்னால் அவருக்கு மனம் நோகும். தேதி, சம்பவங்களோடு ஒரு தாளில் எழுதி முன்கூட்டியே டாக்டரிடம் கொடுத்துவிடுங்கள். சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் கொண்டுபோங்கள். சில தூக்க மாத்திரைகள், சளி மாத்திரைகள்கூட முதியவர்களைக் குழப்பிவிடும்.

அப்புறம்தான் ஞாபகப் பரிசோதனை. பரவலாகப் பயன்படும் எம்எம்எஸ்இ, மோக்கா என்ற இரண்டு பரிசோதனைகளுமே 30 மதிப்பெண்ணுக்கு. இன்று என்ன தேதி, இது எந்த இடம், 100-லிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள், கடிகாரம் வரைந்து முள்ளை 11.10-ல் வையுங்கள் என்று போகும். சில சொற்களைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்பார்கள். மோக்காவில் 26-க்குக் கீழே போனால் மேற்கொண்டு பார்ப்பது வழக்கம். ஆனால் ஐந்தாவது வரை படித்தவரின் மதிப்பெண்ணையும் பட்டதாரியின் மதிப்பெண்ணையும் ஒரே கண்ணால் பார்ப்பது அநியாயம். எவ்வளவு படித்தவர் என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். காது கேட்காமல் தப்பாகப் பதில் சொல்வதும் நடக்கும்; காது மெஷின், கண்ணாடி இரண்டும் கூடவே இருக்கட்டும்.

ரத்தத்தில் தைராய்டு, பி12, சர்க்கரை, சோடியம், கால்சியம், சிறுநீரகம், கல்லீரல் பார்ப்பார்கள். சரிசெய்யக்கூடிய காரணம் எதுவும் விட்டுப்போகக் கூடாது என்பதுதான் நோக்கம். மனச்சோர்வும் அச்சு அசலாக மறதி போலவே வரும், அதையும் விசாரிப்பார்கள். என் மாமியாருக்கு பி12 குறைவாக இருந்தது. ஊசி போட்டதில் உடம்பு தெளிந்தது, மறதி தொடர்ந்தது. ஆறு மாதம் கழித்து அதே பரிசோதனையை மறுபடி செய்து, முன்னதோடு ஒப்பிட்ட பிறகே ஆல்சைமர் (டிமென்ஷியாவில் அதிகம் காணப்படும் வகை) என்று சொன்னார்கள்.

சிடி அல்லது எம்ஆர்ஐ ஸ்கேனில் கட்டி, பழைய பக்கவாதத் தடம், கீழே விழுந்தபின் மூளையைச் சுற்றி மெல்லத் தேங்கிய ரத்தம் எல்லாம் தெரியும். நடை தடுமாறி, சிறுநீரும் அடங்காமல் போனால் மூளையில் நீர் கோத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதற்கு அறுவை சிகிச்சை உண்டு. நினைவுக்கான பகுதி சுருங்கியிருப்பதும் தெரியலாம். ஆனால் ஆரம்பக் கட்டத்தில் ஸ்கேன் நார்மலாக வந்தாலும் நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. மூளையின் செயல்பாட்டைக் காட்டும் பெட் ஸ்கேன், முதுகுத் தண்டு நீர்ப் பரிசோதனை எல்லோருக்கும் தேவைப்படாது.

ஒன்று மட்டும்: நேற்று வரை நன்றாக இருந்தவர் ஓரிரு நாளில் திடீரென்று குழம்பிப் பேசினால் இந்த வரிசைக்கெல்லாம் காத்திருக்காதீர்கள். நோய்த்தொற்றோ சோடியம் குறைவோ இருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.