காந்தப்புலம் நகர்ந்தால் காபா என்ன ஆகும்?

கேள்வி: எங்கள் 3 டெஸ்லா (காந்தப்புல வலிமை) எம்.ஆர்.ஐ.யில் எஃப்.எம்.ஆர்.ஐ. (மூளையின் செயல்பாட்டைப் படமெடுக்கும் ஸ்கேன்) முடித்த கையோடு மூளையில் காபா என்ற நரம்பு வேதிப்பொருளை அளந்தால் கணக்கு தாறுமாறாக வருகிறது. காலையில் முதல் ஆளுக்கு எடுத்தால் சுத்தமாக இருக்கிறது. மெஷினில் கோளாறா? (ஸ்கேன் டெக்னீஷியன், அண்ணா நகர், மதுரை)

மெஷின்மேல் பழி போடாதீர்கள், எடுக்கும் வரிசைதான் தப்பு. எஃப்.எம்.ஆர்.ஐ., டி.டி.ஐ. (மூளையின் நரம்பிழைகளைக் காட்டும் ஸ்கேன்) இரண்டும் கிரேடியன்ட் காயிலை, அதாவது காந்தப்புலத்தை இடத்துக்கு இடம் மாற்றும் கம்பிச்சுருளை, பிழிந்து வேலை வாங்குபவை. காயில் சூடாகும், காந்தப்புலத்தைச் சீராக்க அருகில் பொருத்திய இரும்புத் துண்டுகளும் சூடாகும். சூடான இரும்பின் காந்தத்தன்மை குறைவதால் புலத்தின் வலிமை மெல்ல நகர்கிறது, அதோடு சிக்னல்களின் அதிர்வெண்ணும் நகர்கிறது. ஸ்கேன் முடிந்த பிறகும், இரும்பு ஆறும்வரை நகர்ந்துகொண்டே இருக்கும்.

காபாவுக்கு மட்டும் ஏன் இவ்வளவு அடி? ஒவ்வொரு வேதிப்பொருளின் சிக்னலும் அதிர்வெண் அளவுகோலில் (பி.பி.எம்.) தனக்கான இடத்தில் சிகரமாகத் தெரியும். காபாவின் 3.0 பி.பி.எம். சிகரம், கிரியேட்டின் என்ற இன்னொரு வேதிப்பொருளின் பெரிய சிகரத்துக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. அதனால் 1.9 பி.பி.எம்.மில் எடிட்டிங் பல்ஸ் (காபாவின் சிகரத்தை மட்டும் மாற்றும் ரேடியோ அலைத் துடிப்பு) கொடுத்து ஒரு தடவை, அங்கே கொடுக்காமல் ஒரு தடவை எடுத்துக் கழிக்கிறோம். மாட்டுத்தாவணியில் மல்லிகையைக் கூடையோடு நிறுத்து, வெறுங்கூடை எடையைக் கழிப்பது மாதிரி. இங்கே கூடைதான் கனம், பூ ஒரு கைப்பிடி. நடுவில் தராசு முள் நகர்ந்தால் பூவின் எடை என்ன லட்சணத்தில் வரும்?

இன்னொரு தொல்லையும் உண்டு. புலம் நகர்ந்து 1.7 பி.பி.எம். பக்கம் பல்ஸ் பட்டால் பெரிய மூலக்கூறுகளின் சிக்னலும் காபா கணக்கில் சேரும். அந்த 0.2 இடைவெளி 3 டெஸ்லாவில் சுமார் 25 ஹெர்ட்ஸ்தான். ஆகவே காபாவை முதலில் எடுங்கள், எஃப்.எம்.ஆர்.ஐ. அப்புறம்.

கேள்வி: எடுத்து முடித்த டேட்டாவை மென்பொருளில் சரிசெய்ய முடியாதா? (ஆராய்ச்சி மாணவி, திருமங்கலம்)

பாதிதான் முடியும். ஒவ்வொரு ஸ்பெக்ட்ரத்தையும் (சிகரங்களின் வரைபடம்) நேர்ப்படுத்திவிட்டுக் கழித்தால் கிரியேட்டின் மிச்சம் குறையும். ஆனால் பல்ஸ் இடம் தப்பி விழுந்தது விழுந்ததுதான். நடுநடுவே தண்ணீர் சிக்னலைப் பார்த்து அதிர்வெண்ணை அப்போதைக்கப்போது திருத்தும் வசதி உங்கள் ஸ்கேனரில் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். பல்ஸ் உள்ளதையும் இல்லாததையும் மாற்றி மாற்றி எடுங்கள். ஒன்றை முடித்துவிட்டு மற்றதைத் தொடங்க வேண்டாம்.

கேள்வி: மதுரை வெயில்தான் காரணம் என்கிறார் நண்பர். (மேலூர்)

சித்திரை வெயிலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஏ.சி. அறைக்குள், ஸ்கேனரின் வயிற்றுக்குள்ளேயே பிறக்கும் சூடு இது.

கேள்வி: டோபமின் என்ற மூளை வேதிப்பொருளையும் இப்படி அளக்கலாமா? (உசிலம்பட்டி)

முடியாது. காபாவே லிட்டருக்கு ஒன்றிரண்டு மில்லிமோல்தான். அதைப் பிடிக்கவே 3 செ.மீ. கனசதுரத்தில் பத்து நிமிடம் எடுக்கிறோம். டோபமின் அதைவிட மிக மிகக் குறைவு. எம்.ஆர்.ஐ.யில் டோபமின் அளந்து தருவதாக யாராவது சொன்னால், பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.