ட்ராயிங் கைமாறுறதுக்கு முன்னாடி பணம் வரணும்

கேள்வி: அக்கா, எனக்கு 38 வயசு. கோவையில ஒரு டிசைன் கம்பெனில 13 வருஷமா ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர். சம்பளம் கையில 90,000 வருது. தனியா கன்சல்டன்ட்டா பண்ணலாம்னு ரெண்டு வருஷமா யோசிச்சுட்டே இருக்கேன். பழக்கமான பில்டர்ஸ் மூணு பேரு "நீங்க வெளிய வாங்க, வேலை நாங்க தர்றோம்"ங்கறாங்க. வீட்ல அவங்க வேலைக்குப் போகல, பசங்க ரெண்டு பேரும் ஸ்கூல் படிக்கிறாங்க. வீட்டு லோன் போடுற ஐடியாவும் இருக்கு. தைரியமா வேலையை விடலாமா?
- பெயர் வேண்டாம், கோவை

பதில்: தம்பி, 13 வருஷம் டிசைன் பண்ண கை, அதனால வேலை தெரியுமாங்கற கேள்வியே உங்களுக்கு இல்ல. எனக்கு பயமா இருக்கறது அந்த "வேலை தர்றோம்"ங்கற வார்த்தைதான், ஏன்னா வேலை தர ஆள் நிறைய இருக்காங்க, பில்லுக்கு காசு தர ஆள்தான் கம்மி.

நானும் இதே தொழில்தான், சம்பளத்தை விட்டுட்டு வந்தவதான். முதல் வருஷம் ஒருத்தருக்கு ஃபூட்டிங் (அஸ்திவாரம்), காலம் (தூண்), ஸ்லாப்னு மொத்த ட்ராயிங்கையும் குடுத்துட்டேன், அட்வான்ஸ் 10,000 வாங்கினதோட சரி, மீதிக்கு போன் பண்ணா எடுக்கறதே இல்ல. நாலு மாசம் கழிச்சு அந்த வழியா போனப்போ பாத்தா ரெண்டாவது ஸ்லாப்புக்கு சென்ட்ரிங் அடிச்சுட்டு இருக்காங்க. உள்ள போய் தூண் கம்பியை கையால தொட்டுப் பாத்தேன், நான் போட்டது எட்டு 16 எம்எம், அங்க நின்னுட்டு இருந்தது எட்டு 12 எம்எம். அதாவது பாதிக்குக் கொஞ்சம் மேலதான் இரும்பு! காசு வராதது கூட அப்புறம், ட்ராயிங்ல இருக்கறது என் கையெழுத்து, அந்த ராத்திரி தூக்கமே வரல. மறுநாளே வேலையை நிறுத்தச் சொல்லி ரிஜிஸ்டர் தபால் அனுப்பினேன். கம்பெனில இருக்கும்போது நமக்கு மேல ஒருத்தர் செக் பண்ணி கையெழுத்து போடுவாரு, வெளிய வந்தா அந்தக் கையெழுத்து நம்மளுது, அது பில்டிங் நிக்கிற வரைக்கும் நம்ம கூட வரும்.

அதனால அந்த மூணு பேர்கிட்டயும் பேப்பர்ல கேளுங்க, என்ன வேலை, எத்தனை சைட் விசிட், எத்தனை தடவை நீங்க மாத்திக் குடுக்கணும், எந்த ஸ்டேஜ்ல எவ்வளவு பணம்னு. காசு வந்தப்புறம்தான் அடுத்த ஷீட். ஒருத்தராவது ஒத்துக்கிட்டு அட்வான்ஸ் தரத் தயாரா இருந்தா அதுதான் உங்க முதல் கிளையன்ட். ஆனா அந்த பில்டர்ஸ் உங்க கம்பெனி கிளையன்ட்டா இருந்தா முதல்ல உங்க அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்துப் படிங்க, அதை மீறி வேலை எடுக்காதீங்க.

ரேட் விஷயத்துல எல்லாரும் பண்ற தப்பு 90,000-ஐ 22 நாளால வகுக்கறது. தனியா வந்தா பில் போடக்கூடிய நாள் மாசத்துக்கு 11 தேறினாலே பெருசு, மீதி நாளெல்லாம் கொட்டேஷன், அலைச்சல், வசூல்லயே போயிடும். சாஃப்ட்வேர் லைசன்ஸ், இன்சூரன்ஸ், வண்டி எல்லாம் சேத்து மாசம் 1,25,000 வேணும்னா ஒரு நாளுக்கு 11,000-க்கு மேல வருது. சதுர அடி ரேட் பேசினாலும் இந்தக் கணக்கு மனசுல இருக்கணும். கம்பெனி லைசன்ஸ்ல உங்க சொந்த வேலையை ஒரு நாளும் ஓட்டாதீங்க.

வரி பெரிய தலைவலி இல்ல. வருஷத்துக்கு 20 லட்சம் தாண்டற வரைக்கும் பொதுவா ஜிஎஸ்டி ரிஜிஸ்ட்ரேஷன் தேவைப்படாது. கிளையன்ட் ஒரு கம்பெனியா இருந்தா ப்ரொஃபஷனல் ஃபீஸ்ல 10 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கற வருமான வரி) பிடிச்சுட்டுதான் தருவாங்க, அதை ரிட்டர்ன்ல கணக்கு காட்டிக்கலாம். சின்னத் தொழில்களுக்கான அரசு பதிவு உத்யம், அதுல இலவசமா பதிஞ்சுக்கங்க, 2006 எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி 45 நாளுக்கு மேல உங்க பணத்தை இழுத்தா வட்டி கேக்கற உரிமை இருக்கு.

லோன் மட்டும் இப்போ வேண்டாம் தம்பி. தனியா போனப்புறம் பேங்க் ரெண்டு மூணு வருஷ ரிட்டர்ன் கேக்கும், அதனால சம்பள ஸ்லிப் இருக்கும்போதே வாங்கிடுன்னு பலர் சொல்லுவாங்க. ஆனா வருமானம் ஆடற முதல் வருஷத்துல இஎம்ஐயும் சேந்தா, காசு தராத கிளையன்ட்டுக்குக் கூட நீங்க ட்ராயிங்கைக் குடுத்துடுவீங்க, அதை நான் பாத்திருக்கேன். அதுக்கு பதிலா ஒரு வருஷ வீட்டுச் செலவை தனி அக்கவுன்ட்ல போடுங்க. குடும்பத்துக்கு ஹெல்த் பாலிசி இப்பவே எடுங்க, வேலையை விட்டா கம்பெனி குரூப் பாலிசி போயிடும், ஏற்கனவே இருக்கற நோய்க்கு புது பாலிசில 3 வருஷம் வரைக்கும் காத்திருக்க வேண்டி வரலாம்.

வீட்ல அவங்ககிட்ட இந்தக் கணக்கை நோட்டுல எழுதிக் காட்டிப் பேசுங்க. அந்த மூணு பில்டர்ஸ் பேப்பரைப் பாத்துட்டு என்ன சொன்னாங்கன்னு எனக்கு எழுதுங்க, அப்புறம் ரிசைன் லெட்டரைப் பத்திப் பேசலாம்.