அம்மா சொல்வதை அப்படியே எழுதுங்கள்

கேள்வி: எங்கள் கிளை நூலகத்தில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் டெரிட்டோரியல் ஆர்மியிலும் (வேறு வேலையில் இருந்துகொண்டே, அழைக்கும்போது போய்ப் பணியாற்றும் பிராந்திய ராணுவம்) இருக்கிறார். அழைப்பு வந்து இப்போது வடக்கே போய்விட்டார். அவருடைய அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, வாரம் ஒருமுறை நூலகத்துக்கு வந்து கடிதம் எழுதச் சொல்கிறார். நாங்கள் நல்ல தமிழில் திருத்தி எழுதுகிறோம். ‘அம்மா பேசற மாதிரியே இல்லையே’ என்கிறார் தம்பி. எப்படி எழுதுவது? முகவரி எப்படிப் போடுவது? அவருடைய வேலை என்னாகும்?
- நூலகப் பணியாளர், பாலக்கோடு

பதில்: தம்பி சொன்னதுதான் சரி. திருத்தாதீர்கள். ‘நலம், நலமறிய ஆவல்’ என்று ஆரம்பித்தால் அது உங்கள் கடிதம். ‘ராகி அறுத்தாச்சு கண்ணு, மாடு கன்னு போட்டிருக்குது, நீ வேளைக்குச் சாப்பிடறியா’ என்று வந்தால்தான் அம்மாவின் குரல் அவருக்குக் கேட்கும்.

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவம் ஓர் அச்சடித்த அஞ்சலட்டை கொடுத்தது. ‘நான் நலம்’, ‘மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருக்கிறேன்’, ‘உங்கள் கடிதம் கிடைத்தது’ என்று வரிகள் இருக்கும், வேண்டாததை அடித்துவிட்டுத் தேதியும் கையெழுத்தும் மட்டும் போட வேண்டும், கூட ஏதாவது எழுதினால் அட்டையையே அழித்துவிடுவார்கள். ஆள் உயிரோடு இருக்கிறான் என்பது தெரியும், அவ்வளவுதான். அதே போரில் பிரான்ஸில் இருந்த இந்தியச் சிப்பாய்களில் பலருக்கு எழுதத் தெரியாது, தெரிந்தவரிடம் சொல்லி எழுத வைத்தார்கள். தணிக்கை அதிகாரிகள் மொழிபெயர்த்து வைத்த அந்தக் கடிதப் பகுதிகள் இன்றும் லண்டனில் இருக்கின்றன. பயிர், மாடு, கல்யாணம், கடன் என்று ஆள் எதிரில் உட்கார்ந்து பேசுகிற மாதிரியே இருக்கும். அப்படி ஒரு கடிதத்தை எழுதித் தரும் இடத்தில்தான் நீங்கள் இன்று உட்கார்ந்திருக்கிறீர்கள்.

அம்மா கடிதத்தோடு நீங்களும் ஒரு பக்கம் வையுங்கள். தக்காளி மண்டியில் விலை என்ன, தினமும் பேப்பர் படிக்க வரும் பெரியவர் எப்படி இருக்கிறார், தம்பி அடுக்கி வைத்த அலமாரியை யார் கலைத்துப் போட்டது, இதெல்லாம் எழுதுங்கள். இரண்டு புத்தகமும் அனுப்பலாம். 1917-ல் அமெரிக்க நூலகச் சங்கம் ராணுவ முகாம்களுக்குப் புத்தகங்களோடு நூலகர்களையுமே அனுப்பியது. அப்படிப் போன புத்தகங்களை வைத்துத்தான் 1920-ல் பாரிஸில் ஒரு நூலகம் உருவானது, இன்றும் இருக்கிறது.

முகவரியில் அவருடைய ராணுவ எண், பதவி, பெயர், படைப்பிரிவு, அப்புறம் 56 ஏ.பி.ஓ அல்லது 99 ஏ.பி.ஓ (ஏ.பி.ஓ என்றால் ராணுவ அஞ்சலகம்), அவர் கொடுத்த 9-ல் தொடங்கும் ஆறு இலக்க பின்கோடு. ஆங்கிலத்திலேயே எழுதிவிடுங்கள். ஊர் பெயர் மட்டும் வேண்டவே வேண்டாம், எங்கே இருக்கிறார் என்பது வெளியே தெரியக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடே. அவர் சீருடைப் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் போடாதீர்கள்.

வேலையைப் பற்றி அம்மாவிடம் தைரியமாகச் சொல்லலாம். 1948-ன் பிராந்திய ராணுவச் சட்டப்படி, படைப் பணிக்கு அழைக்கப்பட்டவரைப் பணி முடிந்ததும் பழைய வேலையில் திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டியது வேலை கொடுத்தவரின் கடமை. (நம் பொது நூலகச் சட்டமும் அதே 1948-தான்.) அந்தப் பிராந்திய ராணுவத்தை 1949 அக்டோபர் 9-ல் தொடங்கி வைத்தவர் ராஜாஜி, ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளிக்காரர். அம்மாவுக்கு அதையும் சொல்லுங்கள், பக்கத்து ஊர் ஆள் என்றால் சந்தோஷப்படுவார்.

பதில் வந்தால் அம்மாவுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டுங்கள். முதல் முறை படபடப்பில் பாதி காதில் விழாது.