மலர்முகமா, முகமலரா?

கேள்வி: பொண்ணு பத்தாவது படிக்கிறா, உவமைக்கும் உருவகத்துக்கும் என்னம்மா வித்தியாசம்னு கேட்டா முழிக்கிறேன். அப்புறம் தற்குறிப்பேற்றம்னு வேற ஒண்ணு வருது. கொஞ்சம் புரியிற மாதிரி சொல்லுங்களேன். (வாசகி, திருச்சி)

பதில்: ரொம்ப ஈஸிம்மா. மலர்முகம்னு சொன்னா மலர் போன்ற முகம், ‘போன்ற’ உள்ள ஒளிஞ்சிருக்கு, அது உவமை. அதையே திருப்பிப் போட்டு முகமலர்னு சொல்லிப் பாருங்க, முகமாகிய மலர்னு ஆயிடுது, ரெண்டும் வேற வேற இல்ல ஒண்ணுதான்னு அடிச்சுச் சொல்றது, அதான் உருவகம். மதிமுகம், முகமதி, இதுவும் அப்படியேதான்.

தற்குறிப்பேற்றம்தான் எனக்கு உயிர். இயல்பா நடக்குற ஒண்ணுமேல கவிஞர் தன் மனசுல உள்ளத ஏத்திச் சொல்றது. சிலப்பதிகாரத்துல கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு வர்றாங்க, கோட்டை மதில்மேல கொடி காத்துல ஆடுது, அவ்ளோதான் விஷயம், ஆனா இளங்கோவடிகள் என்ன சொல்றார்னா அந்தக் கொடிங்க ‘வராதீங்க, வராதீங்க’ன்னு கையக் காட்டித் தடுக்குற மாதிரி இருந்துச்சாம். உள்ள போனா கோவலன் உசுரு போயிடும்னு கதை தெரிஞ்ச நமக்கு அந்த இடத்துல நெஞ்சு அடைக்கும்.

ஆகுபெயர்னு ஒண்ணு இருக்கு, ஒண்ணோட பேர அதோட தொடர்புள்ள இன்னொண்ணுக்குச் சொல்றது. அது உவமை, உருவகம் மாதிரி பாட்டுக்கு அழகு சேக்குற அணி இல்ல, இலக்கணம், அதையும் இதோட சேத்துக் குழப்பிக்காதீங்க. ‘இந்தியா ஜெயிச்சிருச்சு’ன்னு இடத்தோட பேரால டீமைச் சொல்றோம்ல, அது இடவாகுபெயர்.

பொண்ணுகிட்ட முதல்ல அந்தக் கொடி கதையச் சொல்லுங்க, பேரு அப்புறம் தானா மனசுல நிக்கும்.