முகாமில் 24, மருத்துவமனையில் 18: எது சரி?

கேள்வி: என் தாயாருக்கு வயது 58. எங்கள் ஊர்ப் பள்ளியில் நடந்த கண் முகாமில், கண்ணில் காற்றை ஊதும் கருவியால் கண் அழுத்தத்தைச் சோதித்து, ‘வலது 24, இடது 23’ என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். பத்து நாள் கழித்து தர்மபுரி மருத்துவமனை ஒன்றில் மஞ்சள் மருந்து விட்டு நீல விளக்கில் பார்த்தவர், இரண்டு கண்ணிலும் 18 என்கிறார். எதை நம்புவது?
வாசகி, பாலக்கோடு

பதில்: இரண்டுமே அந்தந்த நேரத்தில் அந்தந்தக் கருவி காட்டிய எண்கள்தாம். ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றால் நான் 18-ஐ எடுத்துக்கொள்வேன்.

கண்ணுக்குள் ஒரு தெளிந்த திரவம் ஓயாமல் சுரந்து, முன்பகுதியின் ஓரத்திலுள்ள சல்லடை போன்ற திசுவின் வழியே வடிந்துகொண்டிருக்கிறது. சுரப்புக்கு ஈடாக வடியாவிட்டால் உள்ளே அழுத்தம் கூடும். அதை மில்லிமீட்டர் பாதரசக் கணக்கில் சொல்கிறோம். பொதுவாக 10 முதல் 21 வரை இயல்பு எனக் கொள்ளப்படுகிறது. ரத்த அழுத்தத்துக்கும் இதே அளவுமுறை என்பதால் பலர் இரண்டையும் ஒன்றெனக் கருதுகிறார்கள், பி.பி. சீராக இருப்பவருக்கும் கண் அழுத்தம் கூடியிருக்கலாம்.

நீல விளக்கில் பார்க்கும் கருவி, சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் பணியாற்றிய ஹான்ஸ் கோல்ட்மன் 1950-களில் வடிவமைத்தது. கண்ணை மரத்துப்போகச் செய்தபின், அதன் சிறு முனை கருவிழியைத் தொட்டு, 3.06 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தைத் தட்டையாக்குகிறது. கண்ணீரில் கலந்த மஞ்சள் சாயம் நீல ஒளியில் பச்சையாக ஒளிர்ந்து, மருத்துவருக்கு இரண்டு அரைவட்டங்களாகத் தெரியும். பக்கத்திலுள்ள உருளையைத் திருகத் திருக அவை நகரும். இரண்டின் உள்விளிம்புகளும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் நிறுத்தி, உருளை காட்டும் எண்ணைப் பத்தால் பெருக்கினால் அழுத்தம் கிடைக்கும். உங்கள் தாயாருக்கு உருளை 1.8-இல் நின்றிருக்கும்.

காற்று ஊதும் கருவியும் கருவிழியைத் தட்டையாக்கித்தான் கணக்கிடுகிறது. கண்ணைத் தொடாமல் நொடியில் முடிவதால் முகாமுக்கு அது ஏற்றது. ஆனால் காற்று படுமுன்பே பயந்து இமையை இறுக்கினாலும், மூச்சை அடக்கினாலும், சட்டையின் கழுத்துப் பட்டன் இறுகியிருந்தாலும் எண் ஏறிவிடும். தவிர, ஒரே நாளிலேயே அழுத்தம் சில புள்ளிகள் ஏறி இறங்கும். பலருக்குக் காலையில் கூடுதலாக இருக்கும். யாரை மேற்கொண்டு சோதிக்க வேண்டும் என்று சலித்தெடுக்கத்தான் முகாம் சீட்டு. அது நோய்த் தீர்ப்பல்ல.

இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள்: கருவிழியின் தடிமனை அளந்தார்களா? கிருஷ்ணகிரி மண்டியில் மாம்பழத்தை விரலால் அழுத்திப் பார்த்து எடுப்பவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். தோல் தடித்த பழம் உள்ளே கனிந்திருந்தாலும் விரலுக்குக் கெட்டியாகவே படும். அதுபோல, தடித்த கருவிழியில் அழுத்தம் உள்ளதைவிடக் கூடுதலாகவும், மெல்லிய கருவிழியில் குறைவாகவும் தோன்றும். சராசரித் தடிமன் ஏறத்தாழ 540 மைக்ரான், அதாவது அரை மி.மீ.க்குச் சற்று மேல்; கண்ணாடியைத் தவிர்க்க லேசர் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு அது மெலிந்திருக்கும் என்பதால், அவர்கள் அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

கேள்வி: எனக்கு அழுத்தம் 19தான். ஆனாலும் குளுக்கோமா என்று சொல்லி, தினமும் இரவில் சொட்டு மருந்து விடச் சொல்கிறார்கள். இயல்பான அளவுக்கு மருந்து எதற்கு?
வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: 21 என்பது இயல்பையும் நோயையும் பிரிக்கும் வேலியல்ல. 25 இருந்தும் பல ஆண்டுகள் பாதிப்பில்லாத நரம்பும் உண்டு. 17-லேயே தேயும் நரம்பும் உண்டு. குளுக்கோமா என்பது பார்வை நரம்பின் நோய். ஆகவே உங்கள் மருத்துவர் எண்ணை மட்டும் பார்த்திருக்க மாட்டார். நரம்பின் தலைப்பகுதியையும், ஓரப்பார்வை எங்கே மங்கியிருக்கிறது என்று காட்டும் பார்வைப் புலச் சோதனையையும் சேர்த்துப் பார்த்திருப்பார். உங்கள் நரம்புக்கு 19-ஏ அதிகம் என்று முடிவு செய்து, அதைவிடக் குறைந்த ஓர் இலக்கை வைத்திருப்பார். அந்த இலக்கு எத்தனை என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மருந்து, இழந்த பார்வையைத் திருப்பித் தராது. இருப்பதைக் காப்பதற்கே அது. எனவே பார்வை கூடவில்லையே என்று நிறுத்திவிட வேண்டாம். ஆஸ்துமா இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். டிமோலால் வகைச் சொட்டு மருந்து மூச்சுத்திணறலைத் தூண்டக்கூடும்.

கேள்வி: மகனுக்கு வெயில் காலத்தில் கண் அரிப்பு. மருந்துக்கடையில் வாங்கும் சொட்டு மருந்து உடனே கேட்கிறது. தொடரலாமா?
வாசகி, ஊத்தங்கரை

பதில்: கூடாது. உடனே கேட்பது பெரும்பாலும் ஸ்டீராய்டு. வாரக்கணக்கில் விட்டால் சிலருக்குக் கண் அழுத்தம் சத்தமில்லாமல் ஏறும். குப்பியோடு கண் மருத்துவரிடம் போய் அழுத்தத்தை அளந்து பாருங்கள்.

கேள்வி: அழுத்தம் கூடினால் வலி தெரியுமா?
வாசகர், அரூர்

பதில்: பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது, அதனால்தான் நாற்பது வயதுக்கு மேல், குறிப்பாகப் பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ குளுக்கோமா இருந்தால், அளந்து பார்க்கச் சொல்கிறோம். வடிகால் திடீரென அடைபடும் வகையில் மட்டும் கண் சிவந்து கடுமையாக வலிக்கும். தலைவலியும் வாந்தியும் வரும், விளக்கைச் சுற்றி வண்ண வளையம் தெரியும். அதைப் பித்தம் என்று எண்ணி விடியும்வரை காத்திராமல், அன்றிரவே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.